ஏலக்காய் குடோனில் அத்தை போட்ட வெளிச்சம்

அத்தை கடை திறந்த அன்று சாயங்காலம் கம்பம் பஜார் முழுக்கக் கரண்ட் இருந்தது. எங்கள் கட்டடத்தில் மட்டும் இல்லை. பெரியப்பா ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் ஏலக்காய் குடோன். மலையிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்காகக் கட்டியது என்பதால், ஜன்னல் என்று பேருக்கு ஒன்று கூரையை ஒட்டி இருக்கும். பகலில் உள்ளே போனால்கூடக் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். ஏலக்காய் வியாபாரம் நொடித்த பிறகு ஒரு பாதியைப் பெரியப்பா உரக்கடை ஆக்கிக்கொண்டார். மறுபாதி உடைந்த கட்டில்களுக்கும் எலிகளுக்கும் என்று ஆனது. அதைத்தான் அத்தை கேட்டாள்.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் கழிந்ததும் ஒரு துணிப்பையோடு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவாள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். மாமா அவளை அடிப்பார், ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் சமாதானம் பேசிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள், இந்த முறை அவள் கிளம்ப மறுத்துவிட்டாள் என்பதெல்லாம் நான் வளர்ந்தபின் கேட்டது. எனக்குத் தெரிந்த மாமா, வரும்போதெல்லாம் கூடை நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவருகிறவர். பைக்கில் என்னை முன்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர். அத்தைக்கு எப்போது உடம்பு சரியாகும், மாமா எப்போது வருவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் கடை வைக்கப்போகிறேன் என்று அத்தை சொன்னபோது பெரியப்பா மறுக்கவில்லை. நிபந்தனை மட்டும் போட்டார். போர்டு கூடாது, திறப்புவிழா கூடாது, ஒரே ஒரு டியூப் லைட்.

"வாழாம வந்த பிள்ள ஏதோ கடைல ஒக்காந்திருக்குன்னு சத்தமில்லாம போகட்டும்த்தா. லைட்டப் போட்டு ஊருக்கே காட்டணுமா?"

"அரக்குக் கலருக்கும் குங்குமக் கலருக்கும் வித்தியாசம் தெரியாம துணி கிழிச்சுக் குடுக்கவாண்ணே? வாங்குறவுக என்னையத்தான வைவாக?"

பெரியப்பா கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டார். அதை அவர் சம்மதம் என்று நினைக்கவில்லை; அத்தை நினைத்துக்கொண்டாள்.

மறுவாரமே குமுளியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்து இறங்கினார். ஊரில் இருந்தவர்கள் பெரியப்பா முகத்துக்காக ஒதுங்கிக்கொண்டதால், மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடித்த ஆள். மலையாளி என்பதால் நாங்கள் சேட்டன் என்று கூப்பிட்டோம்; அவர் அத்தையைச் சேச்சி என்றார். அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் வெளியே எடுத்ததைப் பார்த்தபோது, இவையெல்லாம் ஒரு கடைக்குத்தானா, இல்லை ஊருக்கே திருவிழாவா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. விட்டத்தைச் சுற்றி ஓடவிட ரோப் லைட், அலமாரிகளுக்கு மேலே ஃபோகஸ் லைட், வாசல் வளைவுக்குச் சீரியல் செட், நடுவில் தொங்கக் கண்ணாடிக் கொத்து விளக்கு.

டிரில்லை வைத்ததும் சுண்ணாம்புச் சுவர் மாவாகக் கொட்டியது.

"சேச்சி, இந்தச் சுவர் ஆணி பிடிக்காது. உத்திரத்துல மாட்டலாம், தேக்கு" என்றார் சேட்டன்.

சத்தம் கேட்டு உரக்கடையிலிருந்து பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, உத்திரத்துல ஓட்ட போட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு ஒங்கத்தகிட்டச் சொல்லு."

சொன்னேன். அத்தை ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. "இது வீடில்ல, கடைன்னு போய்ச் சொல்லு."

அதையும் போய்ச் சொன்னேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். இருந்தாலும் அன்று முழுக்க நான் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். அப்பா எங்கே என்று கேட்பீர்கள். இந்த மாதிரி நாட்களில் அப்பாவுக்குத் தேனியில் வேலை வந்துவிடும்.

திறப்புநாளன்று அத்தை மயில் கழுத்துக் கலர் சேலை கட்டிக்கொண்டாள். வாசலில் கோலம், உள்ளே தட்டு நிறையக் கல்கண்டு. சுவிட்சைப் போடுகிற உரிமை எனக்கு. போட்டேன், ஒன்றும் எரியவில்லை. சேட்டன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஃபியூஸ் காணலை, சேச்சி" என்றார். பெட்டி இருந்தது பெரியப்பா பக்கத்தில்.

அத்தை அழுவாள் என்று நினைத்தேன். அவள் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில், கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவரின் மினி லாரி ஜெனரேட்டரோடு வந்து வாசலில் நின்றது.

அந்த ஜெனரேட்டர் போட்ட சத்தத்தைச் சொல்லி முடியாது. குமுளி பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்சிக் கூட்டம் என்று நினைத்துச் சிலர் வந்தார்கள். நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சிலர் வந்தார்கள். வந்தவர்கள் கண்டது, ஊரே மறந்துபோன குடோன் உள்ளும் புறமும் தகதகவென்று எரிவதையும், அதன் நடுவில் அத்தை நிமிர்ந்து நிற்பதையும்தான். பெண்கள் தயங்கித் தயங்கிப் படியேறினார்கள். ஏறியவர்கள் துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். "எங்கனத்தா இருந்துச்சு இம்புட்டுக் கலரும்?" என்று ஒருத்தி கேட்டாள். சத்தமில்லாமல் திறந்திருந்தால் அதில் பாதிப்பேர்கூட வந்திருக்க மாட்டார்கள். அந்தப் புண்ணியம் பெரியப்பாவையே சேரும்.

பொழுது மசங்கும் நேரத்தில் அவரே வந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளனுப்பியிருக்க வேண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் மீட்டர் பெட்டியில் கட்டையைச் செருகினார்.

"அந்தச் சனியன நிப்பாட்டச் சொல்லு. காது போகுது."

இந்த முறை அத்தை என்னை நடுவில் விடவில்லை. நேராக அவரைப் பார்த்து, "இனிமே புடுங்க மாட்டீகள்லண்ணே?" என்றாள்.

பெரியப்பா தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குள் போனார். அவரால் முடிந்த சம்மதம் அவ்வளவுதான்.

ஜெனரேட்டரை நிறுத்தியதும் எல்லாம் அணைந்தது. சேட்டன் ஒயரை மாற்றிக் கொடுக்க, திரும்பவும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எதிர்ச்சாரியில் ஒரு பைக் தெரிந்தது. பக்கத்தில் மாமா. கடை திறக்கிற சேதி அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும்.

"மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி, அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வாசலுக்கு முன்னால் கால் ஊன்றி நின்றுவிட்டார். உள்ளே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தை பலகையின் மேல் விரித்திருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள். அவசரப்படவில்லை.

"வாங்க. என்ன கலர் வேணும்?"

மாமா வாசற்படியைப் பார்த்தார்.

"உள்ள வந்து வெளிச்சத்துல நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எல்லாரும் பாத்துத்தான் வாங்குறாக."

மாமா ஒரு கையைத் தூக்கி நெற்றிக்குக் குடைபோல வைத்துக்கொண்டார். தலை குனிந்திருந்தது. என் பிடியிலிருந்து மெதுவாக விரல்களை உருவிக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தார். உதைத்த உதையில் வண்டி உடனே கிளம்பவும் இல்லை. கடையிலிருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அத்தை மேல்தான் கோபம். அத்தனை விளக்கையும் ஒரேயடியாக எரியவிட்டால் யாருக்குத்தான் கண் கூசாது? பாதியை அணைத்திருந்தால் மாமா உள்ளே வந்திருப்பார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.