நூறு ரூபாய் வெட்டும் பக்கிங்ஹாம் கால்வாயும்

ஐம்பதுகளின் நடுப்பகுதி, ஏப்ரல் மாத வெயில். சட்டசபையின் பட்ஜெட் கூட்டம் முடிந்த மறுநாள் மாமல்லபுரம் பக்கம் கிளம்பினேன். நான் சுயேச்சை உறுப்பினன். கட்சிக்காரர்கள் கூட்டமாகக் காபி குடிக்கப் போவார்கள். எனக்குச் சபையில் பேச்சுத் துணைகூடக் கிடையாது. அந்தக் கடற்கரை என் தொகுதி. தோற்றுவிட்டேன் என்று அங்கே நேரில் சொல்ல வேண்டியிருந்தது.

தோற்றது தேர்தலில் அல்ல. பட்ஜெட்டில் ஒவ்வொரு துறையும் பணம் கேட்கும்போது, "இதில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும்" என்று உறுப்பினர் வெட்டுப் பிரேரணை கொடுக்கலாம். நூறு ரூபாய் சும்மா பெயருக்கு. துறையின் குறையை எடுத்துப் பேச அதுதான் வழி. கால்வாய்க்கு அப்பாலுள்ள குப்பத்துக்குப் பாலம் இல்லை, பிரசவ வலி எடுத்தவளையும் படகில்தான் ஏற்ற வேண்டும் என்று பேசினேன். மந்திரி "கவனிக்கப்படும்" என்றார். ஓட்டெடுப்பில் என் பக்கம் நான் மட்டும்தான்.

எழும்பூரில் காலை ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினேன். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். பதினெட்டு மைல், ஒன்பது அணா. ஜன்னலோரம் கிடைத்தால் வேதகிரி மலை நன்றாகத் தெரியும். எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. எம்.எல்.ஏ. என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்பே இறங்கி, கால்வாய்க் கரையோடு வடக்கே இரண்டு மைல் நடந்தேன்.

குப்பத்துக்குப் போகும் படகில் ஏறினேன். படகுக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் கும்பிடவில்லை.

"இன்னா சார், நம்ம பணத்துலயே நூறு ரூபா வெட்டச் சொன்னீங்களாமே? பேப்பர்ல போட்டுக்கீது."

நான் பதில் சொல்வதற்குள் அக்கரை வந்துவிட்டது. கருவாட்டு வியாபாரி காதர் பாய் தன் கடையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து நீட்டினார்.

"உங்க வூட்டுக்கே வரலாம்னு இருந்தோம். நூறு ரூபா கீது, குப்பமே சேர்ந்து போட்டது. சர்க்கார்ல கட்டிடுங்க. பாலத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

நான் முடிச்சை வாங்கவில்லை. சபை வழக்கத்தை மெதுவாக விளக்கினேன்.

"அப்ப அந்த வெட்டு தோத்துப் போச்சா?" என்றார் பாய்.

"தோத்துப் போச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் தோல்விக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சபையில் உட்கார்ந்திருந்ததைவிட அந்தக் கூட்டத்தின் நடுவே நான் இன்னும் தனியாக இருந்தேன்.

படகுக்காரரின் மனைவி நிறைமாதக்காரி. அவள்தான் கேட்டாள்: "அப்ப பாலம் எப்ப வரும்?"

"இந்த வருஷம் வராதும்மா."

சிரிப்பு நின்றது. பாய் முடிச்சை அவிழ்த்து, அவரவர் காசை அவரவரிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சிற்பங்களை வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். இருட்டிவிட்டால் படகு ஓடாது. பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்கள் பத்து நாள் முன்னதாகவே இக்கரைக்கு வந்து, யார் வீட்டிலாவது தங்கிக்கொள்வது நல்லது. அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.