ஆனைக்கொய்யா

ஆறு வயதில் எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய எதிர்பார்ப்புதான் இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லைக்கு ஒரு யானை வரும், நின்று நிதானமாகக் கொய்யாப்பழம் தின்னும், அதை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மரத்தை நட்டவளே என் அத்தை. மரத்தின் பெயரே ஆனைக்கொய்யா.

சேரம்பாடிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுக்கு. முன்னால் தேயிலை, பின்னால் கையகல நிலம். அந்தக் கையகலத்தில் அத்தை ஒரு தோட்டமே போட்டிருந்தாள். பப்பாளி, மரத்தக்காளி, எலுமிச்சை, வேலி முழுக்கப் பேஷன் ப்ரூட் கொடி. அப்பாவுக்கு அக்கா அவள். சிறுமியாக இருந்தபோது சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தவள். வந்தது பாதிக் குடும்பம்தான். கல்யாணமாகியிருந்த மூத்த அக்காவை, எங்கள் பெரியத்தையை, அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தப் பெரியத்தை ஒரே ஒரு முறை எங்களைப் பார்க்க வந்திருக்கிறாள். நான் கைக்குழந்தையாம். முந்தானையில் முடிந்து ஒரு பழம் கொண்டுவந்தாள். அக்கா தங்கை இருவரும் அதைச் சீனி போட்டுப் பிசைந்து ஒரே கிண்ணத்தில் தின்றார்கள். கொட்டையை அத்தை பழைய பால்மா டின்னில் நட்டுவைத்தாள். “காய்ச்சதும் சொல்லி அனுப்புடி, வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பெரியத்தை ஊருக்குப் போனாள்.

அதன்பிறகு அந்தச் செடிக்கு நடந்த ராஜ உபசாரத்தில் பாதி எனக்கு நடந்திருந்தால் நான் இன்னும் உயரமாக வளர்ந்திருப்பேன். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று மண்ணை மேடுகட்டி அதில் இறக்கினாள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கிவந்து அடியில் பரப்பினாள். மழைக்காலத்தில் அது நனைகிறதே என்று அதற்குக் குடை பிடித்து இவள் நனைந்துகொண்டு நிற்பாள்.

அம்மா குன்னூர்ப் பக்கத்துப் பெண். அவளுக்கு ஆரம்பத்திலேயே மரம் தெரிந்துவிட்டது. “அண்ணி, இது பட்டர் ப்ரூட்டுங்க. எங்கூர்ல ஊட்டுக்கு ஊடு நிக்குது” என்று சொல்லியிருக்கிறாள். அத்தை விடவில்லை. “அது ஒங்க ஊருல. இது ஆனைக்கொய்யா.”

எனக்கு ஆறு வயதான அந்த வருஷம், பலாக்காய் பழுக்கும் பருவத்தில் நிஜமாகவே யானை வந்தது. எங்கள் கொல்லைக்கு அல்ல. லைன் கோடியில் இருந்த பலா மரத்துக்கு. போகிறபோக்கில் ஒரு வீட்டின் சமையல்கட்டுச் சுவரையும் சாய்த்துவிட்டுப் போனது. மறுநாள் காலையிலேயே மேஸ்திரி கவாத்துக் கத்தியோடு வந்துவிட்டார். யானையை இழுக்கிற மரம் எதுவும் வீட்டை ஒட்டி நிற்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பலாக்காய்கள் விழுந்தன. வாழைகள் சாய்ந்தன. மேஸ்திரி வேலைக்குப் புதியவர், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர். எங்கள் கொல்லைக்கு வந்ததும், என்னைவிட இரண்டு மடங்கு வளர்ந்து நின்ற அந்த மரத்தைப் பார்த்தார்.

“இது என்ன மரமுங்க?”

“ஆனைக்கொய்யா” என்றாள் அத்தை.

மேஸ்திரி கத்தியை மாற்றிப் பிடித்தார். “ஏனுங்க, ஊரே ஆனைக்குப் பயந்து கெடக்குது. நீங்க ஆனைக்குன்னே கொய்யா வெச்சு வளக்கறீங்களா?”

வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். சுவர் இடிந்த வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. “வெட்டிப் போடுங்கண்ணா” என்றாள். அத்தை ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அம்மா கையில் ஒட்டிய மாவைத் துடைத்தபடி வெளியே வந்தாள். “மேஸ்திரிண்ணா, அது பட்டர் ப்ரூட்டுங்க. ஊட்டி மார்க்கெட்ல கூடை கூடையா விக்குதே, அதேதானுங்க. ஆனைக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல. அண்ணி சிலோன் பேச்சுல சொல்றாங்க.”

“அட, பட்டர் ப்ரூட்டா! இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?” மேஸ்திரி கத்தியை இறக்கினார். அத்தையைப் பார்த்தார். “சொல்லுங்க, பட்டர் ப்ரூட்தானுங்களே?”

அத்தை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “பட்டர் ப்ரூட்டுதான்” என்றாள்.

மரம் பிழைத்தது. எல்லோரும் வேலைக்குப் போனார்கள். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க அது பட்டர் ப்ரூட் மரமாகிவிட்டது. அத்தை மட்டும் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பால்மா டின்னைக் கவிழ்த்துப்போட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா கூப்பிட்டுப் பார்த்தார்.

“அங்க இருந்தப்ப எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க” என்றாள் அத்தை. “இந்தப் பேரு எங்கக்கா வாயால சொன்ன பேருடா.”

அப்பா உள்ளே போனார். அம்மா வெளியே வந்தாள். ஒரு டம்ளர் தேத்தண்ணியை அத்தை பக்கத்தில் வைத்துவிட்டு, “அண்ணி, ஆனைக்கொய்யாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சுங்களா?” என்று கேட்டாள். அம்மாவின் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை தலையை ஆட்டினாள். அவள் கண்கள் இன்னும் நிறைந்துதான் இருந்தன.

பின்னாளில் அந்த மரம் கிளை முறியக் காய்த்தது. சொல்லி அனுப்பத்தான் அங்கே பெரியத்தை உயிரோடு இல்லை. முதல் பழத்தை அத்தை சீனி போட்டுப் பிசைந்து, அம்மாவோடு ஒரே கிண்ணத்தில் தின்றாள்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மரம் பிழைத்த பிறகும் அத்தை அழுகிறாள் என்றால், அதற்குக் காரணம் என்னுடைய காரணமாகத்தான் இருக்க வேண்டும். பட்டர் ப்ரூட் தின்ன எந்த யானை வரும்? பாவம், அவளும் எத்தனை நாளாகக் காத்திருக்கிறாள்! எனக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. பக்கத்தில் போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதீங்க அத்தை. பேரு மாறுனது அதுக்குத் தெரியாது. காய்ச்சதும் கண்டிப்பா வந்துரும்” என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதாள். நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.