விமானத்தில் நான் சாப்பிட்டதில்லை

மஸ்கட்டில் என் அலுவலகத்தில் ராபர்ட் என்றொரு வெள்ளைக்காரர் இருக்கிறார். ஓய்வு பெறும் வயது. டீ குடிக்க உட்கார்ந்தால் பழைய ஜெட் விமானங்களைப் பற்றித்தான் பேச்சு. துணி விரித்த தட்டு, எவர்சில்வர் கரண்டி, முகம் துடைக்கச் சூடான துண்டு. இப்போது தண்ணீருக்குக்கூடக் காசு கேட்கிறான் என்று பெருமூச்சு விடுவார். ஒருநாள், அந்தச் சாப்பாட்டில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை சார் என்றேன். விமானம் ஏறினால் எனக்குக் குமட்டும் என்று நினைத்துக்கொண்டார் போல. அடுத்து நான் ஊருக்குக் கிளம்பியபோது ஒரு பாக்கெட் இஞ்சி மிட்டாயைக் கையில் திணித்தார். விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷுக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டேன்.

குமட்டலாவது ஒன்றாவது. பசி உயிர் போகும். முதல் விடுமுறையில் வந்தபோது என் தங்கை செல்வி ஐந்தாம் வகுப்பு. விமானத்தில் தட்டை என் முன்னால் வைத்தார்கள். பன், வெண்ணெய்க் கட்டி, சுண்டுவிரல் உயரத்தில் ஜாம் பாட்டில், கேக், சாக்லேட். சங்கரன்கோவிலில் அவள் இதையெல்லாம் எங்கே கண்டாள்? அத்தனையையும் பைக்குள் வைத்தேன். சூடான கோழிக்கறி ஊர் வந்து சேருவதற்குள் கெட்டுவிடும். ஆனால் அதில் கை வைத்தால் தட்டு முழுக்க எச்சில் என்று என் மனதுக்குப் பட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த கடையநல்லூர் பாயிடம் கொடுத்துவிட்டேன். "என்ன வே, உமக்கு நோம்பா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சாப்பிட்டார்.

"பிளேன்ல சாப்பிட்டியா மக்கா?" என்று அம்மா கேட்டாள். நன்றாகச் சாப்பிட்டேன் என்றேன். உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் என்னையே தின்னச் சொல்வாள், செல்வியைத் தொடவிடுவாளா? பிறகு வந்த ஒவ்வொரு விடுமுறைக்கும் இதே கதைதான். செல்வி வாசலிலேயே பையைப் பிடுங்குவாள். அந்த முகத்துக்காக இன்னும் பத்து மணி நேரம்கூடப் பட்டினி கிடந்திருப்பேன்.

போன மாதம் செல்வியின் மகளுக்கு நிச்சயம். சிவகிரியிலிருந்து சம்பந்த வீட்டார் வந்திருந்தார்கள். என்னை அறிமுகப்படுத்தினாள்.

"எங்க அண்ணன் அந்தக் காலத்துலயே பிளேன்ல போனவன். மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு, மிச்ச எச்சிய எங்களுக்குக் கொண்டாருவான். நாங்களும் அடிச்சுப் பிடிச்சுத் திம்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அடுப்படிக்கு அவள் வந்ததும் கேட்டேன்.

"ஏட்டி, எச்சியவா நான் கொண்டு வந்தேன்?"

"பின்ன? நீதான சாப்பிட்டேன்னு சொல்லுவ."

"வந்ததும் வராததுமா மூணு தட்டுச் சோறு திம்பேனே. அது உனக்கு ஞாபகம் இல்லையா?"

"இருக்கு. நான்தான குழம்பு ஊத்துவேன்." ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "அதுக்கென்னண்ணே இப்ப? சம்பந்தகாரங்களுக்குக் காப்பி ஆறுது."

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பொய் சொன்னவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று தட்டுக்கும் குழம்பு ஊற்றியவளுக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லையே. இத்தனை வருஷமும் தின்று மிச்சம் போடுகிறவனாகவே என்னை மனதில் வைத்திருந்திருக்கிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிளம்பும்போது ஒரு இட்லிப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். "இப்பல்லாம் பிளேன்ல ஒண்ணும் தரமாட்டாங்களாம்லா." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பையை இழுத்து மூடினேன்.

விமானம் கடலுக்கு மேல் வந்ததும் பிரித்தேன். எட்டு இட்லி, பொடி, நல்லெண்ணெய். கோபம் தணியவில்லை, ஆனால் பசித்தது. மஸ்கட் அறையில் எனக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை. சங்கரன்கோவிலிலும் இனி என் பைக்காக யாரும் வாசலுக்கு வரப்போவதில்லை. கீழே எந்த ஊரும் தெரியவில்லை. எட்டையும் நானே தின்றேன்.