பதினொரு இரவல் பிள்ளைகள்

மூத்த டீச்சரின் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மைதான் அதிகம். பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், அந்தப் பிள்ளை உட்காரும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சிவப்புப் பேனாவை எடுப்பார். என் பதிவேட்டில் அத்தனையும் நீலம். வராத பிள்ளைக்கும் வந்ததாகப் போடுவதுதான் அன்றைய வழக்கம். ஐம்பதுகளின் நடுவில், திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் ஆரம்பப் பள்ளியில், தலைமையாசிரியரையும் சேர்த்து மூன்று பேர் வேலை பார்த்தோம். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் இவர் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவரா என்று மனசுக்குள் திட்டுவேன். ஊரார் என்னைத் தாண்டிப்போய் அவரிடம் மனு எழுதி வாங்குவதும் எனக்குப் பொறுக்காது.

கடலை பறிக்கும் காலத்தில் பாதிப் பிள்ளைகள் கொல்லைக்காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு வருஷம் அந்தச் சமயம் பார்த்து இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. எந்த வகுப்பில் தலை குறைகிறதோ அந்த டீச்சருக்கு மாற்றல் நிச்சயம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைப்போம். அவர்களுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தால் எங்கள் பிள்ளைகள் போவார்கள். எனக்குக் கைக்குழந்தை, மாமியார் படுத்த படுக்கை, வீட்டுக்காரர் சிலோனில். மாற்றல் வந்தால் வேலையை விட வேண்டியதுதான். பதினொரு பிள்ளைகளைக் கூட்டிவந்து, அவித்த கடலை கொடுத்து, ஆளுக்கொரு பெயரை மனப்பாடம் செய்யவைத்தேன். மூத்த டீச்சரிடம் இதைப் பேசத் தலைமையாசிரியருக்கே வாய் வரவில்லை. அவர் வகுப்பு பாதி காலியாகவே கிடந்தது.

அந்தக் காலிப் பலகைகளைப் பார்த்து இன்ஸ்பெக்டர் கடுகடுத்தார்.

"பாதிப் பேரு கடலை பறிக்கப் போயிருக்காங்க சார்" என்றார் மூத்த டீச்சர்.

"பக்கத்து கிளாஸ் மட்டும் எப்படி நெறைஞ்சிருக்கு?"

இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். பேசுவதெல்லாம் எனக்கு அப்படியே கேட்டது.

"அத அந்த டீச்சர்கிட்டயே கேளுங்க சார். அவங்களே சொல்லுவாங்க."

இன்ஸ்பெக்டர் என் வகுப்புக்கு வந்து கேட்டார். "எல்லாரும் எங்க ஊர்ப் புள்ளைகதாங்க சார்" என்றேன். தட்டிக்கு அந்தப்புறம் மூத்த டீச்சர் இருந்த பிள்ளைகளுக்குப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

மாதம் திரும்புமுன் மூத்த டீச்சருக்கு விராலிமலைப் பக்கம் மாற்றல் வந்தது. புறப்படுமுன் என் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "கைப்புள்ளைய வச்சுக்கிட்டு நீங்க எங்கிட்டுப் போவீங்க? நான் ஒண்டிக்கட்டை. போயிட்டு வாரேன்" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு அவரை மறந்திருப்பேன். நியாயமும் அவருக்கே, பெருந்தன்மையும் அவருக்கேவா என்று அன்று முழுக்க வயிறு எரிந்தது. ஊரே அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனது. நான் போகவில்லை.

மறு வருஷ இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இந்தவாட்டி இருவது புள்ளையாவது வேணும். நீங்க பாத்துக்குவீங்கள்ல?" என்றார், குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல. முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். "சரிங்க சார்" என்றேன்.

ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அவர்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. அவர் நல்லவர் என்பதற்காக அல்ல. இப்படியொரு வேலையை அவரிடம் கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. என்னிடம் வர யாரும் யோசித்ததேயில்லை.