யார் வைத்த மருந்து?

என் கொழுந்தன் தினேஷுக்கு முதலில் வந்தது விடியற்கால வாந்தி. பல் துலக்கப் போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். முந்தின நாள் வைத்த கருவாட்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். குழம்பு வைத்தது நான்.

இருபத்தொரு வயது. சென்னையில் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கே திரும்பியிருந்தான். "அண்ணி, அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். வாந்தி நின்றது, சில வாரம் கழித்து மறுபடி வந்தது, பிறகு அடிக்கடி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். வெந்நீர் ஊற்றிக்கொண்டால் மட்டும் கொஞ்சம் அடங்கும். முதுகெல்லாம் சிவக்கிற அளவுக்கு ஊற்றிக்கொள்வான். தண்ணீர் காயவைத்தே எனக்குக் கை ஓய்ந்தது.

சாராயம் குடித்துச் செத்தவர்களைத் தூக்கிய ஊர் இது. வயசுப் பையன் வீட்டுக்குள் நுழைந்தால் வாயை மோந்து பார்க்காத தாய் இங்கே கிடையாது. என் மாமியாரும் தினமும் மோந்து பார்த்தார். மாம்பழ மிட்டாய் வாசனைதான் வந்தது. "எம் புள்ள சொக்கத் தங்கம்" என்றார். அப்படியானால் வேறென்ன? யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் (சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளைக் கெடுப்பது என்று எங்கள் பக்கத்து நம்பிக்கை).

கல்வராயன் மலையடிவாரத்தில் மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் போனோம். ஏற்கெனவே துவண்டவனுக்குப் பச்சிலைச் சாறு கொடுத்து மேலும் வாந்தியெடுக்க வைத்தார். வாந்தியில் வந்தது என்று கறுப்பாக ஓர் உருண்டையைக் காட்டி, "வூட்ல சோறு போடுற கைதான்" என்றார். எங்கள் வீட்டில் சோறு போடுகிற கை ஒன்றுதான்.

"இன்னாடி கலந்த?" என்று அத்தை என் மேல் பாய்ந்தார்.

"ஐயோ, நான் இன்னாத்த கலக்கப் போறேன் அத்தை?"

என் புருஷன் மருந்து எடுத்தவருக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். தினேஷ் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றிலிருந்து அடுப்பு அத்தையிடம் போனது. நான் தொட்ட தண்ணீரைக்கூடக் கீழே ஊற்றினார்.

மலையிலிருந்து வந்த பிறகு அவனுக்குச் சிறுநீர் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில், டிஹைட்ரேஷன் (உடம்பில் நீர் வற்றிப்போவது), சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது என்றார்கள். எண்டோஸ்கோபியில் (வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: "சுடுதண்ணில குளிச்சா கம்மியாவுதா?"

"ஆமாங்க" என்றேன். காயவைத்தவள் நான்தானே.

அவர் தினேஷ் பக்கம் திரும்பினார். "கஞ்சா உண்டா?"

"எம் புள்ள பீடியக்கூடத் தொடாதுங்க" என்றார் அத்தை.

தினேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேப்புங்க, கரண்ட் சிகரெட்டு. பேனா மாதிரி இருக்கும். கஞ்சா எண்ணெய் ஊத்தி இழுப்பேன். மாம்பழ வாசனதான் வரும். தெனமும்ங்க."

அவனுக்கு வந்திருந்தது கன்னபினாய்ட் ஹைப்பர்எமெசிஸ் (கஞ்சாவை விடாமல் எடுப்பதால் வரும் அடங்காத வாந்தி). இழுப்பதை விட்டால் நிற்கும், வேறு வழி கிடையாது என்றார் டாக்டரம்மா. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி வெந்நீருக்கு அலைந்தால் மூக்கை நம்பாதீர்கள். வெந்நீரைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாடா, என் தலை தப்பியது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வராந்தாவுக்கு வந்ததும் அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்: "மருந்து வச்சதாலதாண்டி எம் புள்ளைக்குப் புத்தி அங்க போச்சு."

தினேஷ் விட்டான். நடுவில் ஒருமுறை கூட்டாளிகளோடு இழுத்துவிட்டு மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இப்போது இல்லை. காலையில் எழுந்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். இன்றைக்கு இல்லை என்றால் இன்றைக்கு இல்லை; நாளையைப் பற்றி அவன் பேசுவதே கிடையாது. தனியாக என்னிடம் வந்து, "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றான்.

"அத உங்கம்மாகிட்ட சொல்லுப்பா" என்றேன். சொல்லவில்லை.

அத்தைக்கு முட்டி வலி. அடுப்பு மறுபடி என்னிடம் வந்துவிட்டது. ஆனால் பரிமாறும் முன் எல்லார் எதிரிலும் நான் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். போன மாதம் ரிஷிவந்தியத்தில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போயிருந்தேன். கஞ்சி காய்ச்சி எடுத்துப் போய், ஒரு கரண்டியை என் வாயில் ஊற்றி, விழுங்கிவிட்டு, அவள் பார்க்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"சூடு பாத்தியா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றேன்.