மோகனுக்கு நான் போட்டுக் காட்டிய புரதக் கணக்கு

மோகன் இன்று காலை போய்விட்டார்...

ஹட்டனில் போட்டோகொப்பி கடை வைத்திருந்தாரே, அவர்தான். என்னுடைய ஏ.எல். வகுப்பு பயோ பேப்பர் எல்லாவற்றையும் டைப் பண்ணித் தந்தவர். என்னிடம் படித்த பிள்ளைகள் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஒருமுறை, புரதத்தின் மூலக்கூற்று நிறை காணும் கேள்வி. வரிசையில் இருக்கிற அமினோ அமிலங்களின் நிறையைக் கூட்டி, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு, அதாவது பதினெட்டு, கழிக்க வேண்டும்.

டைப் பண்ணிக்கொண்டே கேட்டார். "ஏன் டீச்சர், கூட்டிட்டு மறுபடி கழிக்கிறீங்க?"

"ரெண்டு அமினோ அமிலம் சேர்றப்ப ஒரு தண்ணி வெளிய போயிரும் தம்பி."

"அங்கயும் தண்ணிக்குக் கழிவா! எங்கம்மா தேயிலைக் கொழுந்து நிறுக்கிறப்ப, ஈரமுன்னு தோட்டத்துக் கண்டாக்கய்யா ரெண்டு கிலோ வெட்டுவாரு. அவருகிட்டயா படிச்சீங்க?"

அதை வகுப்பிலும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் ரிட்டயர் ஆன பிறகு, பென்ஷன் கடிதம் கொப்பி எடுக்கப் போன ஒரு நாள்... ஒரு லேப் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"சிறுநீர்ல புரோட்டீன் போகுதாம் டீச்சர். நம்ம டைப் பண்ணின புரோட்டீன்தானா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். அல்புமின்... ஐந்நூற்று எண்பத்தைந்து அமினோ அமிலங்கள். தண்ணீரைக் கழித்தால் ஒன்றுக்குச் சராசரி நூற்றுப்பத்து. பெருக்கினால் அறுபத்து நாலாயிரம் சொச்சம்.

"இவ்வளவு பெருசு சிறுநீரகத்தைத் தாண்டாது தம்பி. தேத்தண்ணி வடியில தூள் நிக்கிற மாதிரி, உள்ளேயே நின்னுரும்."

"அப்ப என் வடி ஓட்டையா டீச்சர்?"

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குள் அடையாள அட்டை கொப்பிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன வருஷம் கடை பூட்டியிருந்தது. கொழும்பில் மகளிடம் போயிருப்பார் என்று நினைத்தேன்... விசாரிக்கவில்லை.

இன்று அவர் மனைவியோடு பேசினேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போனதே ரொம்பப் பிந்தித்தானாம்.

"கிளினிக் போங்க, போங்கன்னு நானும் சொன்னேன் டீச்சர். 'டீச்சர் எல்லாம் விளக்கமா சொல்லிட்டாங்க, பயப்படாத'ன்னு சொல்லிட்டாரு."

மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

நான் கணக்கை மட்டும்தான் சொன்னேன் மோகன். கடையைப் பூட்டிவிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுங்கள் என்று சொல்லவில்லை.

நாளை பின்னேரம் எடுக்கிறார்களாம்.

வருகிறேன் தம்பி...