வெளுத்த கடல்

ஏலக்காயை உள்ளங்கையில் கசக்கி முகர்வதுபோலவே கலீபுல்லா ராவுத்தர் படத்தின் முதுகையும் முகர்ந்து பார்க்கிறார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். மரப்பலகையில் செதுக்கி, சாயம் தடவி, தாளில் ஒற்றியெடுத்த பழைய ஜப்பான் படங்கள் அவை. அழுத்திய தடம் பின்புறம் தெரிந்தால்தான் அவருக்குத் திருப்தி. "இது அசலு" என்பார், பல்லைக் காட்டி.

போடியில் இந்தப் பித்து வேறு யாருக்கும் இல்லை. தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறும் துரைமார் பங்களாக்களில் மற்ற ஏலக்காய் வியாபாரிகள் கட்டிலையும் கடிகாரத்தையும் சுற்றிவர, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாங்கிய படத்தை மடியில் ஏந்தியே குரங்கணி மலையிலிருந்து ஜீப்பில் இறங்குவார்.

"சப்பான்காரிய நிக்காஹ் பண்ணிட்டுத்தான் ஓய்வீக போல, மாமா" என்று தரகர் ராஜாராம் கேலி செய்யும்போது மனைவி நபீசாவும் சிரிப்பாள். அவளுக்கும் ஒரு படத்தின்மேல் உயிர். நீலக் கடல், ஒற்றைப் படகு. படகுக்காரன் எப்போது கரைசேருவானோ என்று மாய்ந்துபோவாள்.

போன மழையில் அந்தப் படத்தில் பூச்சி விழுந்தது. கணவர் மலைக்குப் போயிருந்தார். ஏலக்காயை வெளுக்கக் கந்தகப் புகை போடும் அறையில் நபீசா அதைக் கொண்டுபோய் மாட்டினாள். புகை குடித்த ஏலத்தில் பூச்சி அண்டாது; படத்திலும் அண்டாது என்று நம்பினாள். பூச்சி செத்தது. கடலும் செத்தது. வெறுந்தாளில் படகு மட்டும் கிடந்தது.

"ஒன் கை பட்டது எது வெளங்குச்சு?"

பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்பது, சொன்ன பிறகுதான் கலீபுல்லாவுக்கு உறைத்தது. அன்று முதல் நபீசா படங்கள் இருக்கும் அறைக்குள் கால் வைப்பதில்லை. தேத்தண்ணி நிலைப்படியோடு நின்றுவிடுகிறது.

வெளுத்த படத்தையே அவர் நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார். சென்ற வாரம் ராஜாராம் அதை உற்றுப் பார்த்தார். "என்ன மாமா, கடலு வத்திப்போச்சு?"

"வத்தல மாப்ளே. பனி மூடிருக்கு" என்றார் கலீபுல்லா, அடுப்படிக்குக் கேட்கும்படி.

தேத்தண்ணியோடு நிலைப்படியில் வந்து நின்றாள் நபீசா. "பொய் சொல்லாதீக. நான்தான் கெடுத்தேன்."

"கந்தகத்த வாங்கியாந்தவன் நானு, நபீசா."

அவள் உள்ளே வரவில்லை. கலீபுல்லா எழுந்து போனார். நிலைப்படியைத் தாண்டி அவள் பக்கத்தில் நின்று, படங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அந்தத் தேத்தண்ணியை மெல்லக் குடித்தார்.